வானத்தின் வானொலியை எமது பெண் பிள்ளைகளும் கேட்கட்டும்

யாழ்ப்பாணத்து வீடுகளில் வானொலிப் பெட்டிக்கு ஒரு காலத்தில் தனி மரியாதை இருந்தது. பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் மின்சாரமும் இல்லை, பற்றறியும் கிடைக்காது. ஆனாலும் செய்தி கேட்காமல் இருக்க முடியவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலியை இயக்கினார்கள் எமது பெற்றோர். ஒருவர் சுற்ற, இன்னொருவர் முள்ளைத் திருப்ப, அயலட்டைச் சனமெல்லாம் கூடியிருந்து பி.பி.சி. தமிழோசை கேட்டது. சுற்றுகிறவர் களைத்தால் வானொலியின் குரலும் களைத்துப் போகும். நான் அப்போது சிறு பிள்ளை. அந்தத் தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பும் 2017இல் நின்று போயிற்று.

அந்த நாளைய வானொலிக்கு ஒரு குணம் இருந்தது. முள்ளை ஒரு மயிரிழை அரக்கினால் தமிழ் போய் வேறொரு மொழி வரும். இன்னும் கொஞ்சம் அரக்கினால் வெறும் இரைச்சல். ஒரு நிலையத்தைப் பிடித்தால் மற்ற நிலையங்கள் எல்லாம் கை நழுவிப் போய்விடும். எல்லா நிலையங்களையும் ஒரே நேரத்தில் பிடித்து, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று தனித்தனியாகக் கேட்டுப் பதிவு செய்ய ஒரு பெட்டி இருந்தால் எப்படி இருக்கும்?

அப்படி ஒரு பெட்டி இன்று இருக்கிறது. ஆனால் அது கேட்பது மனிதர்களின் நிலையங்களை அல்ல, வானத்தை. நட்சத்திரங்களும் அவற்றுக்கு இடையே உள்ள வாயுவும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அனுப்பிக்கொண்டிருக்கும் வானொலி அலைகளை, பல கிண்ணங்களை ஒன்றாக இணைத்து, ஒரே தடவையில் பரந்த எல்லைக்குள் கேட்கிறார்கள். இதனை அகன்ற அலைவரிசை அவதானிப்பு என்று அழைக்கிறார்கள்.

இதை ஏன் இங்கே எழுத வேண்டும்?

"பெண்கள் சஞ்சிகைக்கும் இந்த விடயத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று வாசகிகளில் சிலர் கேட்கக்கூடும். நான் சமூகவியல் படித்து, கிராமங்களில் பெண்களோடு வேலை செய்யும் ஒரு சமூகப் பணியாளர். பௌதிகவியலை நான் பாடமாகப் படித்தவள் அல்ல. என்னை இந்த விடயத்தைத் தேடி வாசிக்க வைத்தது ஒரு தாயின் கேள்வி.

வடமராட்சியில் கரையோரக் கிராமமொன்றின் மாதர் சங்கக் கூட்டம் முடிந்த பிறகு ஒரு அம்மா என்னோடு தனியே கதைத்தார். கணவனை இழந்தவர். தையல் வேலை செய்து மகளைப் படிப்பிக்கிறார். மகள் சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் 'ஏ' எடுத்திருந்தாள்.

"தங்கச்சி, இவள் மற்ஸ் படிக்கப் போறன் எண்டு ஒற்றைக் காலில நிக்கிறாள். பேப்பரில ஏதோ வானத்தைப் பார்க்கிற மிசின் எண்டு வாசிச்சிட்டு அதுதான் படிக்கோணுமாம். அது பெடியளின்ர படிப்பெல்லோ? படிச்சு எங்க வேலைக்குப் போறது? கூடப் படிச்சால் கூடப் படிச்ச மாப்பிளை தேடோணும். சீதனத்துக்கு நான் எங்க போவன்?"

இந்த நாலு வசனங்களில் எமது சமூகத்தின் முழுக் கணக்கும் அடங்கியிருக்கிறது. பெண் பிள்ளையின் படிப்பு என்பது அவளது ஆற்றலோடு அல்ல, சீதனத்தோடும் பஸ் நேரத்தோடும் ஊர் வாயோடும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. பிள்ளை ஆசைப்பட்ட அந்த 'மிசின்' என்ன, அதில் பெண்களுக்கு இடம் உண்டா என்று அறிந்து பதில் சொல்ல வேண்டியது எனது கடமை என்று நினைத்தேன். அறிந்ததை உங்களோடும் பகிர்ந்து கொள்கிறேன்.

இரைச்சலில் பிறந்த விஞ்ஞானம்

வானத்தை வானொலியால் கேட்கலாம் என்பதை மனிதர் அறிந்தது தற்செயலாகத்தான். அமெரிக்காவில் பெல் ஆய்வுகூடத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளைஞர் வேலை செய்தார். கடல் கடந்து சிற்றலையில் தொலைபேசி பேசும்போது குறுக்கிடும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. இடி மின்னலால் வரும் இரைச்சலைத் தவிர, விளங்காத இன்னொரு இரைச்சலும் இருந்தது. அது எமது பால்வீதியின் நடுப்பகுதியில் இருந்து வருகிறது என்று அவர் 1933இல் அறிவித்தார். நாம் சிற்றலையில் கேட்டுச் சலித்த அந்த 'கரகர' சத்தத்திலும் வானத்தின் பங்கு கொஞ்சம் இருக்கிறது.

வானொலி அலையும் ஒளியும் ஒரே குடும்பம். அலையின் நீளம் மாத்திரமே வேறு. ஓர் அலை ஒரு செக்கனில் எத்தனை தடவை அதிர்கிறது என்பதை எமது பாடப் புத்தகங்கள் மீடிறன் என்று சொல்கின்றன. தமிழ்நாட்டில் அதிர்வெண் என்பார்கள். செக்கனுக்குப் பத்து இலட்சம் அதிர்வு என்றால் ஒரு மெகாஹேட்ஸ். நாம் கேட்கும் எப்.எம். வானொலி ஏறக்குறைய 88 முதல் 108 மெகாஹேட்ஸ் வரை. கைத்தொலைபேசி 900 மெகாஹேட்ஸ் பக்கமும் அதற்கு மேலும் ஓடுகிறது. வானமோ இவை எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கிறது.

ஊட்டி மலையில் சாய்ந்து கிடக்கும் தொலைநோக்கி

இந்த விஞ்ஞானம் வெள்ளைக்காரருக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டியதில்லை. எமக்கு அயலில், தமிழ்நாட்டின் நீலகிரி மலையில், ஊட்டிக்கு அருகே முத்தோரை என்ற இடத்தில் 1970இல் ஒரு பெரிய வானொலித் தொலைநோக்கி கட்டி முடிக்கப்பட்டது. நீளம் 530 மீற்றர், அகலம் 30 மீற்றர். இதனை அமைத்தவர் கோவிந்த் சுவரூப். 1929இல் வட இந்தியாவில் பிறந்த இவர், வெளிநாட்டில் படித்துத் திரும்பி வந்து, மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஓர் இளைஞர் குழுவைச் சேர்த்துக்கொண்டு இதைச் செய்தார். 2020இல் காலமானார்.

ஊட்டியை அவர் தெரிந்ததில் ஒரு புத்தி இருந்தது. பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் கிழக்கிலிருந்து மேற்கே நகர்வது போலத் தெரிகின்றன. தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக இருந்தால், அதனை ஒரே ஒரு அச்சில் உருட்டிக் கொண்டே மணிக்கணக்காக ஒரு நட்சத்திரத்தைப் பின்தொடரலாம். அந்த இடத்தின் அகலக்கோடு ஏறக்குறைய 11 பாகை. அங்கே வடக்குத் தெற்காக 11 பாகை சாய்ந்த மலைச்சரிவு ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் மீதே தொலைநோக்கியைக் கிடத்திவிட்டார்கள். பணம் குறைந்த நாடு புத்தியால் ஈடு செய்த கதை இது. வீட்டுச் செலவைச் சமாளிக்கும் எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கணக்கு இலகுவில் விளங்கும்.

ஆனால் ஊட்டித் தொலைநோக்கிக்கு ஒரு மட்டுப்பாடு இருந்தது. அது 326.5 மெகாஹேட்சை ஒட்டிய ஒரு ஒடுங்கிய இடைவெளியில் மாத்திரமே கேட்கும். ஒரே ஒரு நிலையத்தில் முள் இறுகிப் போன வானொலி போல.

முப்பது கிண்ணங்கள், ஒரே காது

அடுத்ததாக சுவரூப்பும் அவரது குழுவினரும் மகாராஷ்டிராவில், புனே நகரத்துக்கு வடக்கே ஏறக்குறைய 80 கிலோமீற்றரில், கோடத் என்ற கிராமத்துக்கு அருகே இன்னொன்றைக் கட்டினார்கள். சுற்றியுள்ள குன்றுகள் நகரத்து இரைச்சலை ஓரளவு மறைக்கும் இடம் அது. 45 மீற்றர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள். அவற்றில் 14 நடுவே நெருக்கமாக இருக்கின்றன. மற்ற 16 கிண்ணங்களும் மூன்று கிளைகளாகப் பிரிந்து ஏறக்குறைய 25 கிலோமீற்றர் அகலத்துக்குப் பரந்து நிற்கின்றன. இராட்சத மீற்றர் அலை வானொலித் தொலைநோக்கி என்பது இதன் பெயர்.

இந்தக் கிண்ணங்கள் தகட்டால் செய்யப்பட்டவை அல்ல, மெல்லிய கம்பி வலையால் ஆனவை. கரையோரத்துச் சகோதரிகளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வலைக் கண்ணை விடப் பெரிய மீன் வலைக்குள்ளால் போகாது அல்லவா? அதுபோல வலைக் கண்ணை விட மிக நீளமான வானொலி அலை அதற்குள்ளால் போகாமல் தெறித்துக் குவியும். காற்று மட்டும் புகுந்து போய்விடும். அதனால் பாரம் குறைவு, செலவும் குறைவு.

முப்பது கிண்ணமும் தனித்தனியே கேட்டால் பெரிய பயன் இல்லை. ஒரே நட்சத்திரத்தின் அலை ஒரு கிண்ணத்துக்கு முந்தியும் இன்னொன்றுக்குப் பிந்தியும் வந்து சேரும். அந்த மிகச் சிறிய நேர வித்தியாசத்தைச் சரிசெய்து, இரண்டு இரண்டாகச் சோடி சேர்த்து ஒப்பிட வேண்டும். முப்பது கிண்ணங்களுக்கு 435 சோடிகள் வரும். தேர் வடத்தை ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. எல்லோரும் ஒரே கணத்தில் இழுத்தால்தான் நகரும். அப்படி ஒன்றாக இழுக்கும்போது இந்த முப்பதும் 25 கிலோமீற்றர் அகலமான ஒரே கிண்ணத்தைப் போல நுணுக்கமாகப் பார்க்கின்றன.

அகன்ற அலைவரிசையின் பயன் என்ன?

தொடக்கத்தில் இந்தத் தொலைநோக்கியும் சில குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே கேட்டது. ஒரு தடவையில் அதிகம் போனால் 32 மெகாஹேட்ஸ் அகலம். 2010களில் நடைபெற்ற பெரிய புதுப்பித்தலுக்குப் பின்னர் ஒரு தடவையில் 400 மெகாஹேட்ஸ் அகலம் வரை கேட்க முடிகிறது. ஏறக்குறைய 120 முதல் 1500 மெகாஹேட்ஸ் வரையான எல்லையில் பெரும்பகுதியை நாலு பெரிய துண்டுகளாகப் பிடிக்கிறார்கள். 900 மெகாஹேட்ஸ் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். அங்கே கைத்தொலைபேசிகளின் கதை பேச்சு அவ்வளவு அதிகம்.

இதனால் என்ன நன்மை? நான் விளங்கிக் கொண்ட மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, மெல்லிய குரலும் கேட்கிறது. அகலம் 12 மடங்குக்கு மேல் கூடினால், கேட்கும் திறன் ஏறக்குறைய மூன்றரை மடங்கு கூடும். முன்பு 12 மணித்தியாலம் காத்திருந்து பிடித்ததை, கணக்குப்படி, ஒரு மணித்தியாலத்தில் பிடிக்கலாம்.

இரண்டாவது, குரல் யாருடையது என்று தெரிகிறது. கோயில் மேளக் கச்சேரியில் தாளத்தை மட்டும் கேட்டுவிட்டு என்ன இராகம் வாசித்தார்கள் என்று சொல்ல முடியுமா? நாதஸ்வரமும் தவிலும் தாளமும் சுருதியும் சேர்த்துக் கேட்டால்தான் தெரியும். சூடான வாயுவில் இருந்து வரும் அலையும், காந்தப் புலத்தில் சுழலும் இலத்திரன்களில் இருந்து வரும் அலையும் மீடிறனுக்கு மீடிறன் வேறு விதமாகக் கூடிக் குறையும். பல மீடிறன்களில் பார்த்தால்தான் எது எது என்று பிரித்து அறியலாம்.

மூன்றாவது, பல தூரங்களை ஒன்றாகக் கேட்க முடிகிறது. ஐதரசன் வாயு 1420 மெகாஹேட்சில் ஒரு மெல்லிய அலையை விடுகிறது. ஆனால் பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருப்பதால், மிகத் தூரத்தில் இருந்து வரும் அலை வழியில் இழுபட்டு, குறைந்த மீடிறனில் வந்து சேரும். தூரம் கூடக் கூட மீடிறன் குறையும். ஆகவே வெவ்வேறு தூரத்தில் உள்ள விண்மீன் மண்டலங்களின் ஐதரசன் குரல் வெவ்வேறு இடத்தில் கேட்கும். முள்ளை ஓரிடத்தில் இறுக்கி வைத்தால் அந்த ஒரு தூரம் மட்டுமே கேட்கும்.

இதன் பெறுபேறு 2020இல் வெளிவந்தது. புதுப்பிக்கப்பட்ட இத்தொலைநோக்கியால் ஆதித்ய சௌத்ரி என்ற ஆராய்ச்சி மாணவரும் அவரது ஆசிரியர்களும் 7,653 விண்மீன் மண்டலங்களின் ஐதரசன் அலையைத் தேடினார்கள். ஏறக்குறைய 800 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் புறப்பட்ட அலை அது. ஒவ்வொன்றும் தனியே கேட்க முடியாத அளவுக்கு மெலிந்தது. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தபோது குரல் வந்தது! எமது மாதர் சங்கச் சேமிப்பும் இப்படித்தானே? தனி ஒருத்தியின் கிழமைக் காசுக்கு வங்கியில் மதிப்பில்லை. எல்லோருடைய காசும் சேர்ந்தால் கடன் கொடுக்கும் நிதியாகிறது. அந்தக் காலத்து விண்மீன் மண்டலங்களில் இருந்த ஐதரசன், புதிய நட்சத்திரங்களை உருவாக்க 100 முதல் 200 கோடி ஆண்டுகளுக்கு மட்டுமே போதுமானது என்று அவர்கள் கணித்தார்கள். பிரபஞ்சத்தில் நட்சத்திரப் பிறப்பு ஏன் பின்னர் குறைந்தது என்ற கேள்விக்கு இது ஒரு விடையைத் தருகிறது.

மணமானதால் இழந்த வேலை

இனி எமது விடயத்துக்கு வருவோம். இந்தத் துறையில் பெண்கள் எங்கே?

அவர்கள் தொடக்கத்திலேயே இருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் ரூபி பேய்ன்-ஸ்கொட் 1912இல் பிறந்தவர், பௌதிகவியல் படித்தவர். 1946 ஜனவரி 26ஆம் திகதி, சிட்னியில் கடலோரப் பாறை உச்சியில் இருந்த அன்ரனாவைக் கொண்டு, உதிக்கும் சூரியனின் வானொலி அலையை அவர் ஆராய்ந்தார். சூரியனில் இருந்து நேரே வரும் அலையும், கடல் நீரில் பட்டுத் தெறித்து வரும் அலையும் ஒரே அன்ரனாவில் சேர்ந்தன. இரண்டையும் ஒப்பிட்டு, அலை சூரியனின் எந்தப் பகுதியில் இருந்து வருகிறது என்று அறிய முடிந்தது. பல கிண்ணங்களை இணைத்துப் பார்க்கும் இன்றைய முறைக்கு அடித்தளம் இட்டவர்களில் அவரும் ஒருவர்.

ஆனால் அந்நாளில் அங்கே மணமான பெண் அரச சேவையில் நிரந்தரப் பதவி வகிக்க முடியாது என்று விதி இருந்தது. ரூபி 1944இல் மணம் முடித்து அதனை வெளியே சொல்லாமல் வேலை செய்தார். 1950 அளவில் விடயம் தெரிய வந்ததும் நிரந்தரப் பதவியை இழந்தார். 1951இல் தாயாகப் போகும் வேளையில் வேலையை விட்டு விலகினார். பிரசவ விடுமுறை என்று ஒன்று அப்போது இல்லை. பின்னர் பாடசாலை ஆசிரியையாகக் கற்பித்தார். அவுஸ்திரேலியாவில் அந்த விதி நீக்கப்பட்டது 1966இல்தான். ஒரு நாடு தனது விஞ்ஞானி ஒருவரை, அவர் கழுத்தில் ஏறிய தாலிக்காக இழந்தது என்று நான் இதை விளங்கிக் கொள்கிறேன்.

தையல் வகுப்புக்கு அனுப்பப்பட்ட சிறுமி

இரண்டாவது பெண் ஜோசலின் பெல். 1943இல் வட அயர்லாந்தில் பிறந்தவர். அவரது பாடசாலையில் ஆண் பிள்ளைகளை விஞ்ஞான கூடத்துக்கும், பெண் பிள்ளைகளைச் சமையலும் தையலும் படிக்கவும் பிரித்து அனுப்பினார்கள். அவரது பெற்றோரும் வேறு சில பெற்றோரும் பாடசாலையோடு வாதாடிய பிறகே பெண் பிள்ளைகளுக்கு விஞ்ஞான கூடத்தின் கதவு திறந்தது. வாசகிகளே, இதைக் கவனியுங்கள். அந்தப் பெற்றோர் அன்று "எங்களுக்கேன் வீண் வம்பு" என்று இருந்திருந்தால், பின்வரும் கதையே இல்லை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக அவர் செய்த முதல் வேலை கம்பம் நட்டுக் கம்பி கட்டியது. நாலரை ஏக்கர், எமது கணக்கில் 72 பரப்பு நிலத்தில், 2,048 சிறிய அன்ரனாக்களைக் கொண்ட ஒரு தொகுதியை அமைக்க அவரும் சேர்ந்து பாடுபட்டார். பிறகு ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 30 மீற்றர் நீளத்துக்கு வரும் பதிவுக் கடதாசியைக் கண்ணால் பார்த்துப் படித்தார். 1967இல் அதில் அரை அங்குலமும் வராத ஒரு கிறுக்கல் அவர் கண்ணில் பட்டது. அதை 'இரைச்சல்' என்று அவர் தள்ளிவிடவில்லை. 1.337 செக்கனுக்கு ஒரு முறை தவறாமல் வரும் துடிப்பு அது. பல்சார் என்று இன்று அழைக்கப்படும் துடிப்பு நட்சத்திரத்தின் முதற் கண்டுபிடிப்பு.

இதற்காக 1974இல் நோபல் பரிசு வழங்கப்பட்டபோது அவரது மேற்பார்வையாளருக்குக் கிடைத்தது; அவருக்குக் கிடைக்கவில்லை. 2018இல் 30 இலட்சம் டொலர் பெறுமதியான வேறொரு பரிசு அவரைத் தேடி வந்தது. அந்தப் பணம் முழுவதையும், பௌதிகவியலில் வாய்ப்புக் குறைந்த சமூகங்களைச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவர்களின் புலமைப்பரிசிலுக்காக அவர் கொடுத்துவிட்டார்.

அவர் கண்ட அந்தத் துடிப்புக்கும் அகன்ற அலைவரிசைக்கும் தொடர்பு உண்டு. பருத்தித்துறையில் இருந்து ஒரே நேரத்தில் புறப்பட்டாலும் பஸ் முதலிலும் சைக்கிள் பிறகும்தான் யாழ்ப்பாணம் வந்து சேரும். பல்சாரின் துடிப்பும் அப்படியே. உயர்ந்த மீடிறன் முந்தி வரும், தாழ்ந்த மீடிறன் வழியில் உள்ள இலத்திரன்களால் தடைப்பட்டுப் பிந்தி வரும். இந்தப் பிந்தலை அளந்து கழித்தால்தான் துடிப்பின் உண்மையான நேரம் தெரியும். அதற்குப் பல மீடிறன்களில் ஒன்றாகக் கேட்க வேண்டும். சென்னையின் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் பங்குகொள்ளும் இந்திய பல்சார் குழு, கோடத் தொலைநோக்கியால் இந்த வேலையைச் செய்கிறது. 2023 ஜூன் மாதத்தில், வான வெளியையே மெல்ல அசைக்கும் ஈர்ப்பு அலைகளுக்கான சான்றுகளை உலகின் பல குழுக்கள் ஒன்றாக அறிவித்தபோது, ஐரோப்பியக் குழுவோடு சேர்ந்து அறிவித்தவர்களில் இவர்களும் இருந்தார்கள்.

எமது மண்ணில்

வானியல் யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய செமினரியில் வானியல் கற்பிக்கப்பட்டது. அங்கு பணிபுரிந்த ஹொய்சிங்டன் எமது மரபு வானியல் பற்றி எழுதிய நூலை, 1848இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் அச்சகமே அச்சிட்டது. செமினரி ஆண் பிள்ளைகளுக்கானது. அடுத்த ஆண்டு, 1824இல், உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கியது. எமது பெண் கல்விக்கு 200 ஆண்டு வயதாகிவிட்டது.

இருந்தும் இன்று என்ன நிலை? உயர்தரத்தில் எல்லாப் பிரிவும் உள்ளவை 1ஏபி தரப் பாடசாலைகள். 1சி தரப் பாடசாலைகளில் கலை, வர்த்தகப் பிரிவுகளே உண்டு. தூரக் கிராமத்துப் பிள்ளை கணிதம் படிக்க வேண்டுமென்றால் பட்டினப் பாடசாலைக்கும் ரியூசனுக்கும் பஸ் ஏற வேண்டும். ஆண் பிள்ளை சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான். பெண் பிள்ளைக்கு இருட்டு ஒரு தடை, ஊர் வாய் இன்னொரு தடை. பிள்ளையின் மூளையில் எந்தக் குறையும் இல்லை. பாதையில்தான் குறை இருக்கிறது. பால்நிலைப் பாகுபாடு என்று நாம் கருத்தரங்குகளில் பேசுவது இதைத்தான்.

அந்த அம்மாவிடம் நான் மீண்டும் போனேன். வேலை பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னேன். வானியல் விஞ்ஞானி வேலை இலங்கையில் மிகச் சில. ஆனால் அதற்குத் தேவையான கணிதம், இலத்திரனியல், கணினி நிரலாக்கம் ஆகியவை எங்கும் விலை போகும். நாம் பாவிக்கும் வைபை தொழில்நுட்பத்துக்கு உதவிய ஒரு முக்கிய முறை கூட, அவுஸ்திரேலிய வானொலி வானியலாளர்களின் வேலையில் இருந்து பிறந்ததுதான்.

"அப்ப வேலை இல்லாமல் போகாது எண்டுறீங்கள்?" என்றார்.

"எந்தப் படிப்புக்கும் உறுதி தர ஏலாது அக்கா. ஆனால் இந்தப் படிப்புக்கு வழி கூட" என்றேன்.

அதற்குப் பிறகு வேலை செய்தது நான் அல்ல, மாதர் சங்கம். அதே பாதையில் பிள்ளைகளை ரியூசனுக்கு அனுப்பும் மூன்று தாய்மார் முறை வைத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்குப் போய் நிற்கிறார்கள். சங்கச் சேமிப்பில் இருந்து புத்தகத்துக்குக் கடன் கிடைத்தது. மாமன்காரர் இன்னமும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. சீதனக் கதை முடிந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். பரீட்சை இனித்தான் வரவிருக்கிறது. ஆனால் பிள்ளை கணித வகுப்பில் இருக்கிறாள்.

நாம் செய்யக்கூடியவை

இப்போது மேற்கு அவுஸ்திரேலியாவிலும் தென்னாபிரிக்காவிலும் ஸ்குயார் கிலோமீற்றர் அறே என்ற மாபெரும் வானொலித் தொலைநோக்கி கட்டப்பட்டு வருகிறது. அவுஸ்திரேலியாவில் மாத்திரம் 1,31,072 சிறிய அன்ரனாக்கள். 50 முதல் 350 மெகாஹேட்ஸ் வரை கேட்கும். தென்னாபிரிக்காவில் 197 கிண்ணங்கள். இந்தியாவும் இதில் சேர்ந்திருக்கிறது. இவை தரும் தரவுகளை வாசிக்க உலகத்துக்கு நிறையப் பிள்ளைகள் தேவைப்படுவார்கள். பாறை ஏறவோ கம்பம் நடவோ வேண்டியதில்லை. பெரும்பகுதி வேலை கணினிக்கு முன்னால்தான். இன்று உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் பட்டம் பெற்று வரும் காலத்துக்கு அது சரியாக இருக்கும்.

ஆகவே தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் சில வேண்டுகோள்கள்.

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும், உறவினரைக் கேட்க முன்னர் பிள்ளையைக் கேளுங்கள். அதன் பின் அவளது கணித, விஞ்ஞான ஆசிரியர்களைக் கேளுங்கள்.

பாடசாலையில் பிரிவு இல்லை என்றால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய், எந்தப் பாடசாலையில் அனுமதி பெறலாம் என்று விசாரியுங்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால் சங்கமாகப் போங்கள்.

ரியூசன் நிலையங்களுடன் பேசி, தூரப் பிள்ளைகளின் வகுப்பைப் பொழுது படுவதற்கு முன் முடிக்கச் சொல்லுங்கள். இது சலுகை கேட்பது அல்ல.

பல்கலைக்கழகத்துக்குப் பின் மேற்படிப்பு என்றால், யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம் அறிவிக்கும் புலமைப்பரிசில்களைப் பத்திரிகையில் பார்த்து வையுங்கள்.

கடைசியாக, வீட்டில் ஒரு பழைய வானொலிப் பெட்டி கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளிடம் கொடுத்து முள்ளைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆண் பிள்ளையிடம் மட்டுமல்ல, பெண் பிள்ளையிடமும் திருகாணி கழற்றும் ஆயுதத்தைக் கொடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளும் பார்க்கட்டும்.